கணவாய் ஏறினால் கறுப்பு, இறங்கி மிதித்தால் நீலம்

புனலூரிலிருந்து கே.எல்-25 பதிவெண்ணோடு பழையதாக வாங்கி ஓட்டி வந்த 2012 மாடல் டீசல் காருக்கு இரண்டு வியாதி. ஆயில் குறைகிறது, புகை அடிக்கிறது. 1.3 லிட்டர் டர்போ இன்ஜின். டர்போ என்றால் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற கருவி. ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருப்பதாக மீட்டர் சொல்கிறது. பழைய வண்டியில் மீட்டர் சொல்வதை நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன். புனலூரில் காட்டியபோது ஒரு சேட்டன் ‘எஞ்சின் பணியணும்’ (இன்ஜினையே பிரித்து வேலை பார்க்க வேண்டும்) என்று ஒரே வரியில் முடித்தார். செங்கோட்டையில் இன்னொருவர் டர்போ போயிற்று என்றார். முன்னதற்கு எழுபதாயிரம், பின்னதற்கு முப்பதாயிரம். இரண்டு பேரும் சைலன்சரைத்தான் பார்த்தார்கள், பானட்டைத் திறக்கவில்லை. சரி, காசைக் கொட்டுவதற்கு முன் நாமே பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கினேன்.

முதலில் ஆயிலைப் பற்றி. வாங்கும்போதே ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றது. கெட்டியான ஆயில். புகையை மறைக்க விற்பவர்கள் செய்கிற பழைய வேலை இது. கெட்டி ஆயில் தேய்ந்த இடுக்குகளில் சீக்கிரம் ஏறாது, கொஞ்ச நாளைக்கு வண்டி நல்ல பிள்ளையாக நடிக்கும். அதை வடித்துவிட்டு கம்பெனி சொல்கிற மெல்லிய 5டபிள்யூ-30 ஆயிலை ஊற்றினேன். எதிர்பார்த்தது போலவே புகை கூடியது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மறைந்திருக்கும் பழுதைவிட கண்ணில் படும் பழுது மேல். அந்த நிலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு சுமார் 600 மில்லி குறைந்தது. மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் பிடிக்கிற இன்ஜினுக்கு இது அதிகம்.

வெள்ளைப் புகை வெந்நீர் ஆவி அல்லது எரியாத டீசல், கறுப்பு என்றால் காற்று போதவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து எதையும் கழற்றக் கூடாது. எப்போது அடிக்கிறது என்பதுதான் பெரிய துப்பு. அதற்கு நம் ஊர் சாலையே போதும். புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, கழுதுருட்டி, பதிமூன்று கண் பாலம், தென்மலை என்று போய்த் திரும்பினால் இன்ஜினுக்கு ஏற்றம், இறக்கம், தேங்கி நிற்பது மூன்றும் கிடைத்துவிடும். மச்சான் பைக்கில் பின்னால் வந்து செல்போனில் படம் பிடித்தான். ‘உன் வண்டிக்குப் பின்னாடி வந்து என் சட்டை நாறுதுவே’ என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

படத்தில் தெரிந்தது இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளை. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் கறுப்பு. நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து, கீழே சமதளத்தில் மறுபடி மிதிக்கும்போது ஒரு குப்பென்று நீலம்.

வெள்ளையை சீக்கிரமே தள்ளிவிட்டேன். சாரல் பெய்கிற மாதங்களில் இந்தப் பக்கம் எல்லா வண்டியும் காலையில் ஆவி விடும். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன், அளவு இறங்கவில்லை. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது உண்மை. கடைக்கும் வீட்டுக்குமாக குறைந்த தூரம் ஓடினால் உள்ளே ஈரம் படிந்து அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் அது இல்லை, கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

கறுப்பில்தான் சுவாரசியம் ஆரம்பித்தது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் முழுக்க ஆயில் கசிந்து, அதில் தூசி ஒட்டி அப்பிக்கிடந்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் ஊறி மெத்தென்று ஆகி, கிளிப்புக்குப் பக்கத்தில் பிளவு. ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, அந்தப் பிளவு மூடியே இருக்கும். ஏற்றத்தில் டர்போ அழுத்தம் ஏறியதும் வாயைத் திறக்கும். இந்த வண்டியில் காற்றை அளக்கிற சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. இவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அது கணக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்ப டீசலைக் கொடுக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியேறிவிட்டால், மிஞ்சிய டீசல் கரியாகத்தான் வரும். புது ஹோஸ், புது கிளிப். கூடவே, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புகிற இ.ஜி.ஆர். வால்வையும் கழற்றினேன். கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியிருந்தது. சுரண்டிக் கழுவி மாட்டிய பிறகு கறுப்புப் புகை பெரும்பாலும் போய்விட்டது. இழுவையும் திரும்பியது.

ஆனால் அந்த ஹோஸுக்குள் ஆயில் எப்படி வந்தது? கறுப்பும் நீலமும் தனித்தனி வியாதி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தால் அரை டம்ளருக்குக் குறையாமல் ஆயில் வடிந்தது. இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டீசல் இன்ஜின் இந்த ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சத் தொடங்கிவிட்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ரேஸ் தானாக ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியில் பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, பெரிய கியரைப் போட்டு கிளட்சை விட்டு அணைக்கலாம். இல்லாவிட்டால் காற்று போகும் வாயைக் கனமான பலகையால் அடைக்க வேண்டும், கையை வைக்கக் கூடாது. அதனால் வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால் இன்டர்கூலரைக் காலி செய்துவிடுங்கள்.

அடுத்தது பேக் கம்ப்ரஷன், அதாவது இன்ஜினின் அடிப்பாகத்தில் சேர்கிற வாயுவின் அழுத்தம். ஆயில் மூடியைத் திறந்து அப்படியே வாயில் வைத்து, அது துள்ளுகிறதா என்று பார்ப்பது ஒர்க்‌ஷாப் வழக்கம். டீசலில் நல்ல இன்ஜினிலும் மூடி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதை வைத்து இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது அநியாயம். நான் மருந்துக்கடையில் டிரிப்ஸ் குழாய் வாங்கி, யூ வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் பொருத்தினேன். அந்த வாயுவை வெளியே விடுகிற ப்ரீத்தர் ஒழுங்காக இருந்தால் ஐடிலில் தண்ணீர் கிட்டத்தட்ட அசையாது, அல்லது லேசாக உள்பக்கம் இழுபடும். எனக்கு வெளிப்பக்கம் நான்கு விரல் உயரம் தள்ளியது. ரேஸ் கொடுத்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே.

இங்கேதான் இரண்டு மெக்கானிக்கும் சொன்னது பாதி சரி என்று புரிந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு எல்லா இன்ஜினிலும் உண்டு. அது ப்ரீத்தர் வழியாக, ஆயிலைப் பிரிக்கும் டப்பாவைக் கடந்து, டர்போவுக்கு முன்னால் காற்றுக் குழாயில் சேரும். அந்த டப்பா அடைத்துக்கொண்டால் இரண்டு தொல்லை. ஆயில் பிரியாமல் ஆவியாகவே காற்றோடு போகும். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் அழுத்தமும் ஏறும். டர்போவுக்கு ஆயில் மேலிருந்து பம்ப் அழுத்தத்தில் வருகிறது, ஆனால் கீழே இறங்குவது வெறும் புவியீர்ப்பில். கீழே ஆயில் தேங்குகிற சம்ப்பில் அழுத்தம் இருந்தால் அது எங்கே இறங்கும்? சீலைத் தாண்டி இரண்டு பக்கமும் கசியும். நல்ல டர்போவே கெட்ட டர்போ மாதிரி நடந்துகொள்ளும். இதைச் சரிசெய்யாமல் முப்பதாயிரத்துக்குப் புது டர்போ போட்டால் அதுவும் கசியும்.

ப்ரீத்தர் டப்பாவை டீசலில் ஊறவைத்துக் கழுவினேன். டர்போவின் கீழ்க்குழாயைக் கழற்றியபோது பாதி வழி கரி கட்டியிருந்தது. மலையேறி வந்த சூட்டில் உடனே இன்ஜினை அணைத்துவிடுகிற பழக்கம் பழைய உரிமையாளருக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். நிற்கிற ஆயில் அந்தச் சூட்டில் கருகும். நான் இப்போது ஆரியங்காவில் டீக்கு நிறுத்தினாலும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு மாட்டிவிட்டு மறுபடி தண்ணீர்க் குழாயை வைத்தால், ஒரு விரல்கூட ஏறவில்லை.

டர்போ ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் துளி பிளே, அதாவது ஆட்டம், இருந்தது. நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றுகிற அந்த ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது, துளி பிளே இருந்தே ஆகவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை, இறக்கை எங்கும் உரசவில்லை. டர்போவுக்கு விடுதலை.

ரிங் சந்தேகம் பாக்கி. தென்காசியில் டீசல் வேலை பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றுகிற குளோ பிளக்கின் துளை வழியாக கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தார். சூட்டோடுதான் பிளக்கைக் கழற்றினார், ஆறிய பிறகு முறுக்கினால் உள்ளேயே முறிந்துவிடும் என்றார். நான்கு சிலிண்டரும் 380-க்கும் 400-க்கும் இடையில் பி.எஸ்.ஐ. காட்டின. ‘தம்பி, இதைப் பிரிக்கச் சொன்னவன் கையில காசு கொடுத்திராதீங்க’ என்றார்.

இதற்கெல்லாம் முன்பே புகைச் சான்றிதழும் எடுத்திருந்தேன். மாசு விதியின் நான்காம் கட்டமான பிஎஸ்4 டீசலுக்கு 50, அதற்கு முந்தையதற்கு 65 ஹெச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கிற அலகு) வரை விடுவார்கள். என் வண்டி எந்தச் சிகிச்சையும் செய்வதற்கு முன்பே பாஸ். நிற்கிற வண்டியில் சும்மா ரேஸ் கொடுத்து அளக்கிற சோதனை அது, எஸ் வளைவில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏறுகிற இன்ஜினைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போதைய நிலவரம்: ஆயிரம் கிலோமீட்டருக்கு 150 மில்லி அளவில் ஆயில் குறைகிறது. இறக்கத்துக்குப் பிறகு அடித்த நீலம் நின்றுவிட்டது. ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எழுப்பினால் வெள்ளை ஆவிக்கு நடுவே ஒரு நீல இழை தெரிகிறது, சில நொடிகளில் கலைகிறது. சிலிண்டருக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கிற வால்வு சீல் வழியாக இரவில் சொட்டிய ஆயிலாக இருக்கலாம். பெட்ரோல் வண்டியில் இறக்கத்து நீலத்துக்கே வால்வு சீலைத்தான் முதலில் பிடிப்பார்கள். பழைய டீசலில் காற்றை அடைக்கிற தகடு இல்லாததால் அவ்வளவு வெற்றிடம் உருவாகாது, அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

சீலை மாற்ற மேல்மூடியும் கேம் ஷாஃப்டும் வெளியே வரவேண்டும். டைமிங் செயினும் சத்தம் போடத் தொடங்கியிருப்பதால் இரண்டையும் ஒரே செலவில் முடித்துவிடலாம் என்கிறார் அண்ணாச்சி. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் கணவாயை அடைத்துக்கொள்ளும், அவர் பட்டறையும் நிரம்பிவிடும். ஐப்பசிக்குள் வண்டியை விடச் சொல்லியிருக்கிறார். அதுவரை பின்சீட்டுக்கு அடியில் ஒரு லிட்டர் ஆயில் டப்பா கிடக்கும்.