அம்மாவின் ஊசியும் எலும்பும்

ஜூன் 3, திங்கள்

அம்மாவுக்கு மாத்திரையில் சுகர் அடங்கவில்லை. டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டார். மாலையில் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து, "ஊசி போட்டா எலும்பெல்லாம் உருகிரும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். போன மழையில் முற்றத்தில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தவர் அம்மா. பயப்படத்தான் செய்வார்.

ஜூன் 5, புதன்

இரவெல்லாம் படித்தேன். சித்தியின் பேச்சுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. 1975-ல் டிஃப்ரான்ஸோ என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர், நலமாக இருந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மாறாமல் பார்த்துக்கொண்டே இன்சுலின் ஏற்றினார்கள். சிறுநீரில் சோடியம் குறைந்தது, கால்சியம் கூடியது.

ஆனால் எலும்பு உருக அது போதாது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். ரத்தத்தில் இருக்கும் சிறு பங்கைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் விடாமல் காக்கின்றன. எலும்பைக் கட்டும் செல்களிலேயே இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அந்த வேலைக்கு இன்சுலின் தேவை. அது சுரக்காத டைப் 1 நோயாளிகளுக்குத்தான் எலும்பு அடர்த்தி குறைகிறது.

அடங்காத சர்க்கரைதான் கெடுதல். அளவு 180-ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். தண்ணீரை இழுக்கும், கூடவே கால்சியமும் போகும். அம்மாவுக்கு இருக்கும் டைப் 2-வில் இன்னொரு சிக்கல்: ஸ்கேனில் அடர்த்தி நன்றாகவே தெரியும், எலும்பு மட்டும் சட்டென்று ஒடியும். எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் சர்க்கரை ஒட்டி அதை விறைக்க வைப்பது ஒரு காரணம். அம்மாவின் மணிக்கட்டை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 6, வியாழன்

காலையில் எல்லாம் சொன்னேன். "அப்போ போடு மக்களே" என்று வயிற்றைக் காட்டினார்.

ஜூன் 9, ஞாயிறு

மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். குளச்சல் விசைப்படகுகள் ஜூலை முடியக் கரையில்தான். வீட்டில் நெத்திலிக் கருவாடு. முள்ளோடு தின்பதால் கால்சியம் கிடைக்கும். ஆனால் உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுதலாகப் போகும். வெந்நீரில் நன்றாக அலசித்தான் குழம்பு வைத்தேன். மரச்சீனிக் கிழங்கு இரண்டே துண்டு, அம்மா முறைத்தார்.

இனி நான் கவனிக்க வேண்டியது தாழ்சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர்கள் தலைசுற்றி விழுந்தும் எலும்பை ஒடித்துக்கொள்கிறார்கள். கட்டிலருகே குளுக்கோஸ் வைத்தாயிற்று, குளியலறைக்குப் போகும் வழியில் விளக்கும் போட்டாயிற்று. நாளைக்கு வைட்டமின் டி பார்க்க நாகர்கோவில் போகிறோம்.