முதல் பட்டதாரி சான்றிதழும் பழைய ஞானஸ்நானப் பதிவேடும்

மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ், அதாவது குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்கிற சான்றிதழ், நேற்று வந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் சேருகிற பிள்ளைக்கு இது இருந்தால் கல்விக் கட்டணத்தில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை குறையும். ஒரு தையல் மிஷினில் ஓடுகிற எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தது பத்து நிமிஷ வேலை. ஒரு வாரத்தில் நிராகரித்துவிட்டார்கள். என் கணவர் எட்டாவது வரைதான் படித்தவர். பள்ளியில் அவருக்கு ஞானஸ்நானப் பெயர். ஆதாரில் ஊரில் கூப்பிடுகிற பெயர். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை.

தாலுகா அலுவலகத்துக்கு முதல் நாள் போனபோது "அய்யா மீட்டிங்குக்குப் போயிருக்காங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "பேரு வேற வேறயா இருந்தா நான் என்னம்மா செய்ய?" என்றார். எந்தக் காகிதம் கொண்டுவந்தால் போதும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

வெளியே வந்தால் ஒரு புரோக்கர். "ரெண்டாயிரம் குடுங்கக்கா, நாளைக்கே வாங்கித் தாரேன்." ஹாஸ்டலுக்கென்று சேர்த்த 2,000 ரூபாய் அப்போது என் பர்ஸில்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் நின்று வெகுநேரம் யோசித்தேன், அதை மறைக்க மாட்டேன். காலையில் முழங்காலில் நின்று வழி காட்டும் என்று கர்த்தரிடம் கேட்டுவிட்டு, மத்தியானம் லஞ்சம் கொடுத்து வழி வாங்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கோயிலுக்குள் போய் உட்கார்ந்து 32-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். "நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்" என்ற வசனத்தில் இருக்கும்போது எங்கள் சபை ஊழியரான உபதேசியார் உள்ளே வந்தார். என்னம்மா இந்த நேரத்தில் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தியா?" என்றார். அத்தனை நாளும் எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

பீரோவிலிருந்து எடுத்தபோது அட்டை கையோடு வந்துவிட்டது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மை பழுப்பாகிப் போயிருந்த வரிகளில் அவர் விரலை வைத்து மெதுவாக இறங்கினார். 1974-ஆம் வருஷப் பக்கத்தில் என் மாமனார், மாமியார் பெயர், பிறந்த தேதி, அப்புறம் என் கணவரின் இரண்டு பெயரும் நடுவில் "என்ற" போட்டு இருந்தன. எழுதியவர் யாரென்று தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே எங்களுக்கு வேண்டியதை எழுத வைத்தவரை எனக்குத் தெரியும்.

எங்கள் போதகரான சேகரகுரு அன்றைக்கே நகல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மறுபடியும் 60 ரூபாய் கட்டினேன். இந்த முறை நேரே மேலதிகாரி அம்மாவைப் பார்த்தேன். பிறந்த தேதியைப் பள்ளிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இது போதும்மா" என்றார்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ரிசல்ட்டுக்கு முன்பே எல்லார் பெயரையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். ரிசல்ட் வந்த பிறகு கூட்டத்தில் நிற்க முடியாது. பெரியவர்களின் டிசி தொலைந்திருந்தால் பள்ளியில் இப்போதே கேளுங்கள். கவுன்சிலிங்கில் சான்றிதழோடு பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கூட்டு உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள், அதை மறந்துவிடாதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்காததால்தான் இரண்டு நாள் வீணானது.

ஹாஸ்டல் பணத்தில் அந்த 2,000 அப்படியே இருக்கிறது. மீதி இன்னும் சேரவில்லை. நாளை காலை ஜெபத்தில் அதையும் வைக்கலாம் என்று உபதேசியார் வரச் சொல்லியிருக்கிறார்.