சரிவில் மறைந்திருந்த வயல்களுக்குப் பாதுகாப்பு வாங்கிய அனுபவம்

உச்சி வெயிலில் போனால் அந்தச் சரிவில் எதுவும் தெரியாது. புல், முள், உருண்டு கிடக்கும் கற்கள், அவ்வளவுதான். விடியற்காலையில் வெயில் சாய்வாக விழும்போது ஒன்றன் கீழ் ஒன்றாக நிழல் கோடுகள் எழும். எழுத்து தோன்றாத காலத்தில் யாரோ சரிவில் படிபடியாகக் கல்சுவர் கட்டி உழுத வயல்களின் விளிம்புகள் அவை. அவற்றைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கக் கேட்டு எங்கள் குழு மனுப் போட்டது.

முதல் மனு திரும்பி வந்தது. 'காலத்துக்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். கல்லின் வயது கட்டின் வயதாகாது. கரித்துண்டு கிடைத்தாலும் அது மேலிருந்து மண்ணோடு அடித்து வரப்பட்ட பழைய கரியாக இருக்கலாம். பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் நெல் படிகளுக்கு 2000 வயது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பிறகு அங்கே அகழ்ந்தவர்கள் சில நூற்றாண்டுகள்தான் என்கிறார்கள்.

அப்புறம்தான் ஒளிர்வுக் காலக்கணிப்புக்குப் போனோம். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் மூடிய மண்ணுக்குள் கிடக்கும்போது சுற்றுப்புறக் கதிர்வீச்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைச் சேர்த்து வைக்கும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால், கடைசியாக வெயில் பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவற்றின் ஒளிர்வை வைத்துக் கணக்கிடலாம்.

அனுமதி வாங்கி, ஏற்கெனவே சரிந்திருந்த இடத்தில் மட்டும் வெட்டினோம். கறுப்புத் தார்ப்பாய்க்குள் குனிந்து, அடிக்கல்லுக்குக் கீழே எஃகுக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். வெளியே எடுத்ததும் இரு முனைகளையும் ஒளி புகாமல் மூடினார்கள். சுவருக்குப் பின்னால் உள்ளங்கையில் அடங்கும் சிறு கற்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. மழைநீர் தேங்கிச் சுவரைத் தள்ளாமல் வடிந்து போக அந்த ஏற்பாடு. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

முடிவு வர மாதங்கள் ஆயின. அடிமண் வரலாற்றுக்கு முந்தையது, மேல் வரிசைகள் மிகவும் பிந்தியவை. குழுவில் சிலர் சோர்ந்துபோனார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆதாரமாகப் பட்டது: சரிந்ததை ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துக் கட்டியிருக்கிறது. அதனால் இரண்டாவது மனுவில் சுவரோடு நிற்காமல் பின்னால் தேங்கிய மண், நீர் வடியும் வழி, முழுச் சரிவு எல்லாவற்றையும் சேர்த்தோம்.

நிலக்காரர்கள் பயந்தார்கள், மேய்ச்சல் போய்விடுமோ என்று. சொல்லப்போனால் அளவான மேய்ச்சல் தேவைதான். புதர் வேரோடினால் கல்கட்டு பிளக்கும். ஆழ உழவு, மரம் நடுதல், கல் எடுத்தல், வண்டித்தடம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்று எழுதிக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார்கள்.

பட்டியலில் சேர்வதோடு வேலை முடியாது என்பதும் தெரிந்தே இருந்தது. இஃபுகாவ் படிகள் 1995இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பராமரிப்புக் குறைந்து 2001இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், 2012இல்தான் மீண்டன. ஆகவே சாந்தில்லாக் கல்கட்டுப் பயிற்சியையும் மனுவில் கேட்டோம். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் அந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2018இல் மரபாக ஏற்றிருப்பது எங்களுக்குக் கைகொடுத்தது.

அறிவிப்பு வந்தபின் பெய்த முதல் பெருமழையில் இரண்டு முழ நீளச் சுவர் சரிந்தது. விழுந்த கற்களை அப்படியே படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கட்டி வைத்திருக்கிறோம். மண் காய்ந்ததும் அடுக்கப் போகிறோம்.