அலமாரியில் பதினேழு வருடம்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக் கடனின் கடைசித் தவணை என் கணக்கிலிருந்து போனது. வங்கியின் குறுஞ்செய்தியைக் காட்டியதும் பக்கத்து இருக்கைத் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, இனி நீ செட்டில்" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தேன், அப்பாவைக் கவனித்தேன், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். நிமிர்ந்தபோது மணி பத்தரை.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒரு தொலைநோக்கியைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தி, வரிசையாக வரச் சொல்லிச் சனிக் கோளைக் காட்டினார். வளையத்தோடு அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே ஒரு சின்னப் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் குழாயின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். "இதைக் கையாலேயே செய்யலாம்" என்றார் ஆசிரியர். அந்த வாக்கியம் என்னை விடவே இல்லை. இருபத்தொன்பது வயதில் ஆறு அங்குல விட்டத்தில் இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகளும், அவற்றைத் தேய்த்துத் தொலைநோக்கியின் ஆடியைச் செய்யச் சிலிக்கான் கார்பைடு தூளும் வாங்கினேன். ஒரு பழைய துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பதினேழு வருடம் அங்கேயே இருந்தன.

யாராவது கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான்: கமிட்மென்ட். கல்யாணம், வீட்டுக் கடன், மகள் பிறந்தது, அவள் படிப்பு, அப்புறம் நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வந்த பக்கவாதம். எதுவும் பொய் இல்லை. ஆனால் கடன் தீர்ந்த அன்று இரவு, அந்தப் பதிலின் பெரிய பகுதி கழிந்துபோன பிறகும், நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. என்னைத் தடுத்தது கடன் இல்லை என்றால், வேறு எது?

நான் கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். எனக்குத் தெரிந்த வழியில் ஒரு நோட்டை எடுத்து எழுதினேன். ஒவ்வொரு பொறுப்புக்கும் நேராக ஒரு கேள்வி: இது நாளைக்கே இல்லாமல் போனால் நான் கண்ணாடி தேய்க்க உட்காருவேனா? கடன் ஏற்கெனவே போய்விட்டது, உட்காரவில்லை. மகள் விடுதிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, உட்காரவில்லை. அப்பாவுக்கு மாலையில் உண்மையாகத் தேவைப்படுவது ஒன்றரை மணி நேரம். களைப்பு? அதை நான் மறுக்கமாட்டேன், ஒன்பது மணி நேர வேலைக்குப் பிறகு உடம்பு கெஞ்சத்தான் செய்கிறது. ஆனால் கெஞ்சிய அதே உடம்புதான் பத்தரை வரை போனோடு விழித்திருந்தது. பழகிப்போன சுகத்துக்கு நான் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன். பொறுப்பு என்று சொன்னால் யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள், நாமும் கேட்டுக்கொள்ளமாட்டோம்.

தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990களில் மனிதர்களின் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். உடனடியாகக் குத்துவது பெரும்பாலும் நாம் செய்துவிட்ட காரியம், வருடங்கள் போகப் போகக் கனப்பது செய்யாமல் விட்ட காரியம் என்பதுதான் அவர்கள் கண்டது. என் விஷயத்தில் சரியாகவே இருக்கிறது. ஒரு முறை அவசரப்பட்டு வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கி ஆறு மாதம் நொந்துபோனேன். இன்று அதை நினைவுபடுத்திக்கொள்ளவே கொஞ்சம் நேரம் ஆகிறது. அந்தத் துணிமூட்டையோ, அலமாரியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது.

வேலையை உதறிவிட்டு மனம் சொல்லும் வழியில் போ என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்பாவின் மருந்து என் சம்பளத்தில்தான் வருகிறது. எனக்குத் துணையாக வந்தவர் வில்லியம் ஹெர்ஷல். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசித்தும் இசைப் பாடம் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர். 1773இல்தான், முப்பத்தைந்தை நெருங்கும் வயதில், தொலைநோக்கி செய்ய ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஆடி கண்ணாடி இல்லை, உலோகம். 1781 மார்ச் 13 அன்று, இசைத் தொழிலை விடாமலேயே, வீட்டுத் தோட்டத்தில் நின்று யுரேனஸைக் கண்டுபிடித்தார். அந்த ஆடியின் விட்டம் ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகம். என்னுடையதும் ஆறு அங்குலம் என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

ஆனால் அவர் தங்கை கரோலினை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அண்ணன் பல மணி நேரம் கையை எடுக்காமல் ஆடியை மெருகேற்றும்போது அவள் ஊட்டிவிட்டாள், கதை படித்துக் காட்டினாள். பாடகியாக மேடையேறிக்கொண்டிருந்தவள், 1782இல் அண்ணனின் வேலைக்காக அதை விட்டாள். பிறகு அவளே எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தாள், 1787இல் அரசரிடமிருந்து ஆண்டுச் சம்பளமும் பெற்றாள். இருந்தாலும் முதலில் அது அவள் கேட்ட வாழ்க்கை இல்லை. ஒருவருடைய நிறைவுக்காக வீட்டில் இன்னொருவர் எதையோ கீழே வைக்க வேண்டியிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் நான் என் கணவரோடு உட்கார்ந்து பேசினேன். செவ்வாய், சனிக்கிழமை மாலைகள் எனக்கு, வியாழக்கிழமை மாலை அவருக்கு. அவருக்கும் நீச்சல் என்று ஒன்று பல வருடமாகப் பாக்கி இருந்திருக்கிறது, நான் கேட்டதே இல்லை.

தேய்ப்பது எளிய வேலைதான். ஒரு வட்டைக் கீழே பொருத்தி, தூளும் தண்ணீரும் போட்டு, இன்னொரு வட்டை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி. மேலே இருப்பது குழிகிறது, கீழே இருப்பது குவிகிறது. என் ஆடிக்கு நடுவில் 1.2 மில்லிமீட்டர் பள்ளம் போதும். 80 எண் தூளில் தொடங்கி 120, 220, 320, 500 என்று மாவு போலாகும் வரை போக வேண்டும். அப்புறம் பிசின் பரப்பில் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகு. கடைசியில் மிஞ்சும் பிழை ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதை ஒரு சின்ன விளக்கையும் ஒரு பிளேடையும் வைத்து வீட்டிலேயே பார்த்துவிடலாம், 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ சொன்ன வழி. இவ்வளவு நுட்பம் இரண்டு கைகளுக்குள் அடங்குகிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

முதல் மாலை அந்தக் கரகரச் சத்தம் கேட்டு அப்பா உள்ளே இருந்து கூப்பிட்டார். சக்கர நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு தடுமாறும், எண்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சுமையாகவே போய்க்கொண்டிருந்தது. அன்று அவராகவே என் தள்ளல்களை எண்ண ஆரம்பித்தார். "நிறுத்தாதடி, அறுபத்திரண்டு" என்றார்.

சனிக் கோள் சூரியனை ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 29.5 ஆண்டு ஆகும். நான் மைதானத்தில் பார்த்த இடத்துக்கு அது போன வருடம் திரும்பி வந்துவிட்டது. என் ஆடி இன்னும் தயாராகவில்லை. 500 எண் தூள் முடிந்ததும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல். பழைய தூளில் ஒரு துகள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கழுவியது போதவில்லை.

அதனால் இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி 220இல் ஆரம்பித்தோம். அப்பாவுக்கு எண்பத்தேழில் நாக்கு சிக்கியது. நான் கையை நிறுத்திக் காத்திருந்தேன். சொல்லிவிட்டார். அப்புறம் நூற்று நாற்பது வரை போனார்.