அம்மாவின் இடது கையும் என் உளவியல் படிப்பும்

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் இருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்து, மூன்று வருடத்தில் பி.எஸ்ஸி. உளவியல் முடித்தேன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழி. சேர்ந்தபோது ஊரில் எல்லோரும், “பைத்தியத்துக்குப் பாக்குத படிப்பாட்டி?” என்றுதான் கேட்டார்கள். எனக்கே சரியாகப் பதில் தெரியாது.

முதல் வருடம் பெயர்களும் ஆண்டுகளும்தான். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கினார் என்பதை மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிட்டேன். புள்ளியியலில் அரியர் விழுந்தது. ‘ஸ்டாண்டர்டு டீவியேஷன்’ என்ற சொல்லைக் கேட்டே மிரண்டிருந்தேன். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்க பத்தாம் வகுப்பில் போட்ட திட்ட விலக்கம்தான் அது என்று பரீட்சை முடிந்த பிறகுதான் உறைத்தது. அந்த வாரம் ரொம்ப அழுதேன்.

அப்புறம் அம்மாவின் பீடிக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா மூன்று நாளில் சுற்றியது 600, 750, 900. எதிர்வீட்டுச் சித்தி 740, 750, 760. இருவருக்கும் சராசரி 750தான். விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, மூன்று நாளில் ஒன்றைக் குறைத்து 2-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அம்மாவுக்கு 150, சித்திக்கு 10. அம்மாவுக்கு இடுப்பு வலி வந்த நாளும், கடனை அடைக்க ராத்திரி வரை சுற்றிய நாளும் அந்த 150-க்குள் இருந்தன. அதற்குப் பிறகு புள்ளியியல் எனக்கு மறக்கவில்லை.

இந்தப் படிப்பின் உயிரே பிராக்டிகல்தான் என்பேன். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டும் சோதனை ஒன்று உண்டு. வீட்டுக் கண்ணாடியை வைத்து, கையை அட்டையால் மறைத்து, அம்மாவை உட்கார வைத்தேன். கண்ணை டிவியில் வைத்துக்கொண்டே பீடி சுற்றுகிற கை அது. முதல் முனையிலேயே நின்றுவிட்டது. மேலே போகவேண்டிய பென்சில் கீழே இழுத்தது. “என்னட்டி இது, என் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்கு!”

இடது கையால் ஒரு தடவை: நான்கு நிமிடம். பிறகு வலது கையால் மட்டும் பத்து தடவை. மறுபடியும் இடது கை: ஒன்றரை நிமிடம். பழகாத கைக்கும் பழக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. ரெக்கார்டு நோட்டில் அந்தத் தாளை ஒட்டும்போது என் கை நடுங்கியது.

வகுப்பில் எச்.எம். என்ற எழுத்துகளால் குறிப்பிடப்படும் ஒரு நோயாளியின் கதை வந்தது. வலிப்புக்காக 1953-ல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தபின் புதிதாக நடந்த எதுவும் அவருக்கு ஞாபகத்தில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரையும் இதே நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை தேர்ந்துவிட்டது, ஆனால் முன்னால் வரைந்தது ஒருநாளும் அவருக்கு ஞாபகம் இல்லை. கையின் நினைவு வேறு, மனதின் நினைவு வேறு. எனக்கு அம்மாவின் விரல்கள்தான் கண்முன் வந்தன.

சேரப்போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த டிகிரியை மட்டும் வைத்துச் சிகிச்சை தரக் கூடாது. மருத்துவ உளவியலாளராக வேண்டும் என்றால் மேலே படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். போன மாதம் சித்தி, “எம் மவன் ரெண்டு மாசமா தூங்கவே மாட்டேங்கான், நீதான் படிச்சிருக்கியே, பேசிப் பாரேன்” என்று வந்தார். அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை மூன்று பேருமாக பஸ் ஏறி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டோம்.