ஷட்டருக்குக் காந்தம், சக்கரத்துக்குத் தண்டு

கடியபட்டணம் பாறைகளைச் சுற்றித் தண்ணீருக்குள் படம் எடுக்க, என் கேனான் 1200டி கேமராவுக்கு அக்ரிலிக்கில் ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். மூடியும், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. இப்போது கேமரா பட்டன்களை வெளியிலிருந்து இயக்குகிற வேலை.

முதலில் முழுக்க மெக்கானிக்கலாகவே செய்தேன். கோட்டாறில் ஒரு லேத் பட்டறையில் சுவர்த் துளை வழியாக ஷட்டர் பட்டனை அமுக்க, 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு கடையக் கொடுத்தேன். "304 ரகம் போதுமே தம்பி" என்றார் அண்ணன். உப்புத் தண்ணீரில் அது புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும் என்றதும், உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகத்தைத் தேடி எடுத்தார். தண்டுக்கு இரண்டு ஓ-ரிங், வெளியே ஸ்பிரிங்.

கரையோரத்தில் நன்றாகவே வேலை செய்தது. ஆழம் போகப் போகத்தான் சிக்கல். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர செ.மீ.க்கு சுமார் ஒரு கிலோ அழுத்தம் கூடும். 6 மி.மீ. தண்டின் முகப்பு 0.28 சதுர செ.மீ. ஆக, 20 மீட்டரில் அரைக் கிலோவுக்கு மேல் கடலே பட்டனை அமுக்குகிறது. அதைத் தாங்குகிற ஸ்பிரிங் போட்டால், ஆழமில்லாத இடத்தில் அமுக்க விரல் வலிக்கிறது. பாதி அமுக்கினால் ஃபோகஸ், முழுதாக அமுக்கினால் படம் என்கிற பக்குவம் கைக்குத் தெரிவதில்லை. பாறை இடுக்கிலிருந்து மீன் தலைநீட்டுகிற நொடியில் எனக்கு அந்தப் பாதி கட்டாயம் வேண்டும்.

சரி என்று ஷட்டர் துளையை அடைத்துவிட்டேன். இந்தக் கேமராவின் 2.5 மி.மீ. ரிமோட் ஜாக்கில் ஃபோகஸ், ஷட்டர், பொது என மூன்று இணைப்பு. பொதுவோடு ஃபோகஸ் சேர்ந்தால் பாதி அமுக்கியதற்குச் சமம். ஷட்டரும் சேர்ந்தால் படம். உள்சுவரில், காந்தம் அருகே வந்தால் இணைகிற ரீட் ஸ்விட்ச் இரண்டை முன்பின்னாக ஒட்டினேன். வெளியே காந்தம் பதித்த சின்ன லீவர். கொஞ்சம் நகர்த்தினால் முதல் ஸ்விட்ச், இன்னும் நகர்த்தினால் இரண்டாவதும். சுவரில் துளையே கிடையாது. லீவரைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல அழுத்துவதால், எந்த ஆழத்திலும் விரலுக்கு ஒரே கனம்தான். நியோடிமியம் காந்தம் மேல்பூச்சு கீறினால் கடலில் அரித்துப்போகும். அதனால் எபாக்சியில் முக்கி எடுத்தேன்.

லென்ஸின் ஒளித்துளையை மாற்றும் அப்பர்ச்சர் சக்கரத்துக்கு அந்த ஜாக் உதவாது. யுஎஸ்பி வழியாக கண்ட்ரோலர் வைக்கலாம்தான். அதற்குத் தனி பேட்டரி, புரோகிராம். வள்ளத்தில் உட்கார்ந்து சரிசெய்கிற சமாச்சாரம் இல்லை. திருகுகிற தண்டைக் கடல் உள்ளே தள்ளினாலும் அதன் பள்ளத்தில் மாட்டும் சர்க்ளிப் என்ற வளையம் பிடித்துக்கொள்ளும். சக்கரம் மெக்கானிக்கலாகவே இருக்கட்டும்.

அடுத்து, காட்சியைப் பின்திரையில் காட்டும் லைவ் வியூ பட்டன். ஜாக்கில் அதற்கும் வழியில்லை, தண்டுதான். இறங்கும் முன் வள்ளத்திலேயே ஒரு தடவை அமுக்கிக்கொள்வது என்பதால், எவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங்கும் அங்கே போடலாம்.