பத்து நாள் அக்கா

எங்கள் தேவாலய சபையிலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர். பத்து நாள் ஊழியம், கடல் கடந்து ஒரு குழந்தைகள் இல்லத்தில். என் பெட்டியில் பாதிக்கு மேல் கைப்பொம்மைகள்தான்.

உள்ளே நுழைந்ததுமே நான்கு வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். பார்த்த நிமிடமே யாரிடமும் ஒட்டிக்கொள்வது, நிலையாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது அப்போது தெரியாது.

மறுநாள் தாவீது, கோலியாத்து நாடகம்; சிறுவன் தாவீது கவண்கல்லால் ராட்சதன் கோலியாத்தை விழவைக்கும் பைபிள் கதை. எங்கள் தாவீது கவணைச் சுழற்றுவதற்குள் பிள்ளைகள் எல்லாரும் தொப்பென்று பின்னால் விழுந்தார்கள். முந்தைய குழுவும் இதே நாடகம்தானாம். அதற்கு முந்தைய குழுவும்!

கிளம்பும்போது நாங்கள்தான் அழுதோம். அவள் அழவில்லை. "அடுத்த அக்கா எப்போ வருவாங்க?" என்று மொழிபெயர்ப்பவரிடம் கேட்டாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். பெரும்பாலும் வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், சுற்றுலாப் பாணியில் இல்லங்களுக்கு வரும் தன்னார்வலர்களால் விளையும் கேட்டையும் சொல்கிறது.

இந்த வருடமும் எங்கள் சபையில் இந்தப் பயணத்துக்குப் பெயர் கேட்டார்கள். என் டிக்கெட் பணத்தை, ஒரு பிள்ளையாவது வீடு திரும்ப அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். போதகர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். சரி, காத்திருக்கிறேன்.